குழல் அளவை யார் முடிவு செய்தார்கள்? (ஒரு துப்பாக்கி வரலாறு)



எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆரம்பித்த பக்கம் இது. இந்த முறை கொஞ்சம் வெடிமருந்து வாசனை. பயப்பட வேண்டாம், வெறும் வரலாறுதான் :-)

அமெரிக்காவில் 'ஷாட் ஷோ' என்று ஒரு கண்காட்சி உண்டு. 1979இல் தொடங்கியது. இப்போது ஒவ்வொரு ஜனவரியும் லாஸ் வேகாஸ் நகரத்தில் நடக்கிறது. துப்பாக்கிக் கம்பெனிகள் தங்கள் புது மாடல்களை அங்கேதான் வரிசையாக வைப்பார்கள். நம்ம ஊரில் ஒரு புது பைக் வந்தால் பசங்க மைலேஜ், பிக்கப், சைலன்சர் சத்தம் என்று அக்கு வேறு ஆணி வேறாக அலசுவார்களே, அதே மாதிரி அங்கே துப்பாக்கிப் பிரியர்கள் குழல் நீளம், எடை, விசை எவ்வளவு லேசாக இருக்கிறது என்றெல்லாம் அலசித் தீர்ப்பார்கள்.

நம் நாட்டிலும் அந்த மாதிரி ஆட்கள் உண்டு. 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து 'பிரபல்' என்ற ரிவால்வர் வந்தது. தயாரித்தது மத்திய அரசின் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனம். எடை ஏறத்தாழ 700 கிராம். 50 மீட்டர் வரை சுடும் என்று சொன்னார்கள். ஆனால் அதிகம் பேசப்பட்டது வேறு ஒரு விஷயம். தோட்டா போடும் உருளை பக்கவாட்டில் வெளியே வரும். அதுவரை அரசுத் தொழிற்சாலை விற்றுவந்த .32 ரிவால்வரை தேங்காய் உடைப்பது போல நடுவில் மடக்கித் திறக்க வேண்டும். பக்கவாட்டில் திறப்பது பெரிய முன்னேற்றம் என்று ஆர்வலர்கள் வரவேற்றார்கள்.

இங்கேதான் ஒரு சின்ன இடறல். பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வரை அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி 1889இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 134 வருடம் கழித்து நாம் அதைப் 'புது மாடல்' என்கிறோம்!

இன்னொரு பக்கம் நம்ம சேலம் மாவட்டத்துக்கு வாருங்கள். ஏற்காட்டுக்கு மேலே சேர்வராயன் மலையில் மாரமங்கலம் போன்ற ஊர்கள் இருக்கின்றன. இந்த மாதிரி மலைப்பகுதிகளில் துப்பாக்கி என்ற சொல்லுக்கே அர்த்தம் வேறு. அங்கே அது ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டு, கம்பியால் இடித்து, கேப் வைத்து வெடிப்பது. போலீஸ் காகிதங்களில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்கள். இந்தக் கேப் நுட்பத்தின் வேர் 1807இல் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வாங்கிய காப்புரிமையில் இருக்கிறது. அதன்பின் 1820களில் உலகெங்கும் பரவியது.

ஆக, லாஸ் வேகாஸில் இன்றைய துப்பாக்கி, கான்பூரில் 1889, மலைமேல் 1820! இது எப்படி நடந்தது? ஏழ்மை, பின்தங்கிய நிலை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் தோண்டிப் பார்த்தால் வேறு ஒரு கதை கிடைக்கிறது. நம் நாட்டில் யார் கையில் எந்த மாடல் இருக்க வேண்டும் என்பதை கம்பெனிக்காரனும் முடிவு செய்யவில்லை, வாங்குபவனும் முடிவு செய்யவில்லை. அதைச் செய்தது சட்டம். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு குட்டிப் பாடம்

துப்பாக்கி விஷயத்தில் அடிக்கடி வரும் சொல் 'போர்'. 12 போர் என்றால் பன்னிரண்டு யுத்தம் இல்லை! குழலின் உள்வட்ட அளவு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ அதுதான் 12 போர் குழலின் அகலம். .303, .32, .450 என்று புள்ளி வைத்து வருபவை அங்குலக் கணக்கு.

வாய்வழி மருந்து இடிப்பது பழைய வகை. பின்பக்கம் திறந்து தோட்டா போடுவது அடுத்த தலைமுறை. குழலின் உள்ளே திருகு போலப் பள்ளம் வெட்டியிருந்தால் அது ரைபிள். குண்டு சுழன்றுகொண்டே போவதால் குறி தப்பாது, தூரமும் போகும். பள்ளம் இல்லாத வழவழப்பான குழலில் தூரமும் குறைவு, குறியும் சுமார்தான். இந்த வித்தியாசத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

1857: புது மாடலுக்கு வந்த எதிர்ப்பு

ஒரு புதிய துப்பாக்கி மாடலுக்கு இந்தியாவில் எழுந்த மிகப் பெரிய எதிர்வினை எது? நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பள்ளிக்கூடத்தில் வேறு பாடத் தலைப்பில் படித்தோம். 1853 மாடல் என்பீல்டு ரைபிள்!

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது அருமையான துப்பாக்கி. பழைய வழவழக் குழல் மஸ்கட் நூறு கஜத்தைத் தாண்டினால் எங்கே படும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். என்பீல்டு பல நூறு கஜம் தாண்டியும் குறி வைக்கும். ஆனால் அதன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம் பகுதியில் கிளம்பியது. மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரலில் மீரட்டில் 85 குதிரை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10இல் கலகம்.

கலகத்துக்குக் காரணம் தோட்டா மட்டும் இல்லை. சம்பளம், நில உரிமை, அயோத்தியை விழுங்கியது என்று ஆயிரம் காரணம் இருந்தன. அதெல்லாம் நமக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததை. பாடப்புத்தகத்தில் வராத பகுதி அது.

கலகம் அடங்கியதும் ஆங்கிலேயர்களுக்கு ஒரு பயம். இவ்வளவு நல்ல துப்பாக்கியை இந்தியச் சிப்பாய் கையில் கொடுக்கலாமா? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த தீர்வைப் பாருங்கள். வெளியே பார்க்க என்பீல்டு மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே பள்ளம் இல்லாத வழவழக் குழல். 1858, 1859 மாடல்கள் என்று இதைத் தனியாகவே தயாரித்தார்கள். அதாவது, வேண்டுமென்றே மட்டமாகச் செய்யப்பட்ட புது மாடல். பிறகு 1866இல் ஸ்னைடர் வந்தது, 1871இல் மார்டினி ஹென்றி வந்தது. வெள்ளைக்காரப் படைக்கு மார்டினி கிடைத்தபோது இந்தியப் படைக்கு ஸ்னைடர். ஒரு தலைமுறை பின்னால் வைத்திருப்பது எழுதப்படாத விதி போல நடந்தது.

ராணுவத்திலேயே இந்த நிலை என்றால் ஊர் மக்களுக்கு?

1878: லிட்டன் பிரபு போட்ட பூட்டு

1878இல் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. வைஸ்ராய் லிட்டன். அதே வருடம்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தையும் அவர் கொண்டுவந்தார். அடுத்து வந்த ரிப்பன் காலத்தில் பத்திரிகைச் சட்டம் ரத்தானது. ஆயுதச் சட்டம் மட்டும் அப்படியே நின்றது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தவர்கள் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை.

சட்டத்தின் சாரம் சுலபம். இந்தியர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு. குடகு மக்களுக்கு மட்டும் 1861 முதலே தனி விலக்கு இருந்தது, அது இன்றுவரை தொடர்கிறது.

இதைச் சேர்வராயன் மலையில் வைத்துப் பார்ப்போம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காபி வந்தது. பிறகு மலைமேல் வெள்ளைக்காரத் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களைச் சுற்றி, அவர்களுக்கு முன்பிருந்தே சாமையும் ராகியும் விதைத்து வாழ்ந்தவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். (கேரளக்காரர்கள் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பூர்வீகம் காஞ்சிபுரம் என்று அவர்கள் வழியில் ஒரு கதை உண்டு.)

1878க்குப் பிறகு நிலைமை இப்படி ஆனது. ஒரே மலை, ஒரே காடு, ஒரே காட்டுப்பன்றி. தோட்டத்து துரை லைசென்ஸ் இல்லாமல் சீமையிலிருந்து வந்த புது மாடலை வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கொல்லையில் ராகியைக் காவல் காக்கும் விவசாயி, பழைய மருந்துத் துப்பாக்கிக்குக்கூட அரசாங்கத்திடம் கை நீட்ட வேண்டும். இந்த இன வேறுபாட்டை எடுக்க 1920 ஆம் ஆண்டின் விதிகள் வரவேண்டியிருந்தது. அதற்குள் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. துப்பாக்கித் தொழில்நுட்பம் தலைகீழாக மாறியதும் சரியாக அந்த நாற்பது வருடத்தில்தான். புகையில்லா மருந்து, மேகசின், தானியங்கி பிஸ்டல் எல்லாமே அப்போது வந்தவை.

ஒரு தடையும் அதன் பிள்ளைகளும்

இனி வரும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. இந்தியச் சட்டம் லண்டன், பர்மிங்காம் கம்பெனிகளையே ஆட்டிவைத்த கதை.

1898இல் ரிக்பி கம்பெனி .450 என்ற அளவில் புது வேட்டை ரைபிள் கொண்டுவந்தது. புலி, யானை வேட்டைக்காரர்கள் கொண்டாடினார்கள். மகாராஜாக்கள் வரிசையில் நின்றார்கள் (ஆள் விட்டு வாங்கினார்கள் என்று படிக்கவும்). ஆனால் ஒரு சிக்கல். ராணுவத்தின் பழைய மார்டினி ஹென்றியின் குண்டும் .450 அளவு. அந்தத் துப்பாக்கிகள் பல வழிகளில் கலகக்காரர்கள் கையில் போய்ச் சேர்ந்திருந்தன. வேட்டைக்கு என்று வரும் .450 சாமான்கள் அவர்களுக்குப் போய்விடும் என்று அரசாங்கம் பயந்தது. 1907 வாக்கில் இந்தியாவுக்குள் .450 அளவு வரத் தடை விதித்தது.

இந்தியா அப்போது வேட்டைத் துப்பாக்கிக் கம்பெனிகளுக்குப் பெரிய சந்தை. விடுவார்களா? ஒவ்வொரு கம்பெனியும் .450ஐ விட ஒரு நூல் பெரிதாகப் புது அளவு கண்டுபிடித்தது. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .465 என்றது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476 என்றது. ஜோசப் லாங் .470 என்றது. இன்னொரு பக்கம் .475. புலிக்கு இவற்றுக்கிடையே ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது! ஆனால் ஆர்வலர்கள் மத்தியில் எது உசத்தி என்ற விவாதம் நூறு வருடம் தாண்டியும் ஓயவில்லை. .470 இன்றும் ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களுக்காகத் தயாராகிறது. அவர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் செல்லத் துப்பாக்கியின் அளவுக்குப் பின்னால் ஓர் இந்தியத் தடை உத்தரவு இருக்கிறது என்று தெரியுமோ!

சென்னையில் இந்த மாதிரிச் சாமான்கள் கிடைத்த இடங்களில் ஒன்று மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ். ஆமாம், அதே கைக்கடிகாரக் கடைதான். அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள்.

எல்லா வேட்டைக்காரர்களும் புது மாடல் பின்னால் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் ஒரு .275 ரிக்பி ரைபிள் பரிசாக வந்தது. மெல்லிய குழல், லேசான துப்பாக்கி. அதையே கடைசிவரை வைத்திருந்தார். நம் பக்கத்துக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். 1895 மாடல் அமெரிக்கத் துப்பாக்கி. அவர் எழுதிய ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் எல்லாம் அன்றைக்குச் சேலம் மாவட்டம். அவருடைய முதல் புத்தகம் 1954இல் வந்தபோது அந்த .405 ரைபிளைக் கம்பெனி தயாரிப்பதையே நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் மாற்றவில்லை.

.315, .32: நமக்கென்று ஒதுக்கிய எண்கள்

தடை அதோடு நிற்கவில்லை. ராணுவத்தின் .303 ரைபிளும் பொதுமக்களுக்குக் கூடாது. ஏனென்றால் திருட்டு ராணுவத் தோட்டா அதில் போகும். அதனால் .315 என்ற அளவில் வேட்டை ரைபிள்கள் வந்தன. பி.எஸ்.ஏ. கம்பெனி இந்தியாவுக்காக இதைச் செய்தது. .303 தோட்டா இதில் உட்காராது. போலீசுக்கும் காவலாட்களுக்கும்கூட இஷாப்பூரில் ராணுவ ரைபிளையே எடுத்து .410 என்ற வழவழக் குழலாக மாற்றி, ஒரு தடவைக்கு ஒரே குண்டு என்று ஆக்கிக் கொடுத்தார்கள். 1858இல் செய்த அதே வித்தை!

சுதந்திரம் வந்த பிறகும் இந்த எண்கள் மாறவில்லை. .315 ரைபிளை நம் அரசுத் தொழிற்சாலைகளே தயாரிக்க ஆரம்பித்தன. கைத்துப்பாக்கியில் .38, .455, 9 மில்லிமீட்டர் எல்லாம் ராணுவ, போலீஸ் அளவுகள் என்று தடைப்பட்டியலில் இருக்க, சாதாரணக் குடிமகனுக்கு மிஞ்சியது .32. 2014இல் வந்த 'நிர்பீக்', 2020இல் உத்தரப் பிரதேசத்தில் தயாரிக்கப்போவதாக வெப்லி நிறுவனம் அறிவித்தது, 2023இல் வந்த பிரபல் எல்லாமே ஏன் .32 என்று இப்போது புரிகிறதா?

துப்பாக்கிக்கு வேறு ரசிகர்களும் இருந்தார்கள்

பூட்டு போட்டால் சாவி தேடுபவர்களும் இருப்பார்கள் அல்லவா? 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் பிஸ்டலால். அன்றைய உலகத்தில் அது புத்தம் புது ரகம். சட்டைப் பைக்குள் அடங்கும் தானியங்கி. 1914 ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சிக்காரர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். கம்பெனிக்காரன் விளம்பரம் கொடுத்தது யாருக்கோ, போய்ச் சேர்ந்தது யாருக்கோ.

அகிம்சைப் பக்கமும் இந்தச் சட்டத்தை ஏற்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். 1930 ஜனவரியில் காந்தி இர்வினுக்கு வைத்த 11 கோரிக்கைகளில் ஒன்று, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டும் என்பது. அதுவும் மக்களின் கட்டுப்பாட்டில். உப்பு வரியை நீக்கச் சொன்ன அதே பட்டியலில்! 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டது. காந்தி துப்பாக்கிப் பிரியர் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தையே நம்பத்தகாதவர்கள் என்று முத்திரை குத்துவதுதான் அவர்களை உறுத்தியது.

1959: சட்டமே மாடல் சொல்கிறது

சுதந்திர இந்தியா 1878 சட்டத்தை எடுத்துவிட்டு 1959இல் புது ஆயுதச் சட்டம் போட்டது. 1962இல் நடைமுறைக்கு வந்தது. கட்டுரையின் மையமே இங்கேதான்.

அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழக் குழல் துப்பாக்கி. குறி பார்த்துப் பழக என்றால் .22 ரைபிள். பயிர்ப் பாதுகாப்புக்கு? வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கி! அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டுமே வேறு வழவழக் குழல் துப்பாக்கி.

யோசித்துப் பாருங்கள். உலகம் சந்திரனுக்கு ராக்கெட் விட்டுவிட்ட 1959இல், விவசாயிக்கான துப்பாக்கி என்று சட்டம் எழுதி வைத்தது 1820களின் நுட்பத்தை. மலைமேல் இருப்பவர்கள் பழைய மாடலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்களுக்கென்று சட்டம் ஒதுக்கிய மாடலே அதுதான்.

இதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒருமுறை சுட்டால் மறுபடி நிரப்ப நேரம் ஆகும். எனவே அதை வைத்துப் பெரிய கொலைபாதகம் செய்ய முடியாது. பன்றியை விரட்டச் சத்தம் போதும். ஆனால் இந்தத் துப்பாக்கிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைத் தயாரிக்கும் பெரிய கம்பெனி கிடையாது. லைசென்ஸ் கிடைக்காத இடத்தில் பழைய இரும்புக் குழாயும் உள்ளூர்ப் பட்டறையும்தான் கம்பெனி. மருந்து கூடிப்போனால் குழல் வெடித்து கை போகும், கண் போகும். காட்டுக்குள் இருட்டில் மிருகம் என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்திகளை நாம் எல்லோரும் பேப்பரில் படித்திருக்கிறோம்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை முடிந்தது. முடிய வேண்டியதுதான், இல்லாவிட்டால் இன்றைக்குப் புலியைப் படத்தில்தான் பார்த்திருப்போம். துரைகளின் .470 எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. ஆனால் மலை விவசாயிக்குப் பன்றி அப்படியே இருந்தது. ஏற்காட்டில் காட்டெருமை காபித் தோட்டத்துக்குள் நிற்பதைப் போகிற வருகிற சுற்றுலாப் பயணிகளே படம் எடுக்கிறார்கள். நமக்கு அது படம், அங்கே இருப்பவர்களுக்கு அது ஒரு வருட உழைப்பு.

2019இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டானது. இதைப் பற்றி விளையாட்டு வீரர்களும் சேகரிப்பாளர்களும் நிறையவே பேசினார்கள். அதே திருத்தத்தில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனை ஒன்று முதல் மூன்று வருடம் என்பதிலிருந்து இரண்டு முதல் ஐந்து வருடம் ஆனது. இதைப் பற்றி யார் பேசினார்கள்? மூன்றாவது துப்பாக்கியை இழப்பவரிடம் வழக்கறிஞர் இருக்கிறார். ஒரே ஒரு துருப்பிடித்த எஸ்.பி.எம்.எல்.லோடு பிடிபடுபவரிடம் இருப்பாரா?

யாருக்காகப் புது மாடல்?

2014இல் நிர்பீக் ரிவால்வர் வந்தபோது ஒரு பெரிய விவாதம் நடந்தது. டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கான துப்பாக்கி என்று விளம்பரப்படுத்தினார்கள். எடை 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். பெண்கள் அமைப்பினர் பலர் கோபப்பட்டார்கள். பாதுகாப்பைக் கொடுக்க வேண்டிய அரசாங்கமே துப்பாக்கி வாங்கிக்கொள் என்று சொல்வதா என்று கேட்டார்கள். அந்த விலையில் எந்தக் கூலிப் பெண் வாங்குவாள் என்ற கேள்வியும் எழுந்தது. துப்பாக்கிப் பிரியர்களின் குறை வேறு: பழைய .32 ரிவால்வரையே எடை குறைத்து விலை ஏற்றி விற்கிறார்கள் என்பது.

இரண்டு பக்கமும் நியாயம்தான். ஆனால் இரண்டு பக்கமும் பேசியது நகரத்து ஆட்களைப் பற்றி.

நம்ம திருச்சியிலேயே 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் ரைபிள் செய்கிறார்கள். பொதுமக்களுக்கு 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியும் செய்கிறார்கள். திருச்சிக்கும் சேர்வராயன் மலைக்கும் இருக்கும் தூரம் பஸ்ஸில் சில மணி நேரம். துப்பாக்கிக் கணக்கில் அது இருநூறு வருடம்.

அதற்காக மலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் புதுத் துப்பாக்கி கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. துப்பாக்கி பெருகிய நாட்டில் என்ன நடக்கிறது என்று அமெரிக்கப் பள்ளிக்கூடச் செய்திகளே சொல்லும். நம் நாட்டில் கட்டுப்பாடு இருப்பதில் எனக்கு நிம்மதிதான். என் கேள்வி வேறு. துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லும் அரசாங்கம், துப்பாக்கி செய்ய வேண்டிய வேலையை யார் செய்வார்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

பதில் சொல்லும் முயற்சியும் நடக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி விஷயத்தில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி வேண்டாம், பயிற்சி பெற்ற ஆள் வருவார் என்பது நல்ல யோசனை. சமவெளி விவசாயிக்கு இது உதவும்.

ஆனால் வரைபடத்தை எடுத்து மலைக் கிராமங்களைப் பாருங்கள். காடு எங்கே முடிகிறது, கொல்லை எங்கே தொடங்குகிறது? காட்டை ஒட்டியே இருக்கும் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி என்பது பக்கத்து ஊராக இருக்கும், சில இடங்களில் மலை அடிவாரமாகவே இருக்கும். அவர்களுக்கு எஞ்சுவது நஷ்டஈட்டு மனு, வேலி, இரவுக் காவல், தகர டப்பா. 1878இலும் வரிசையில் கடைசி, 1959இலும் கடைசி, 2025இலும் அதே இடம்.

அடுத்த முறை ஒரு புது ரிவால்வர் படம் உங்கள் கண்ணில் பட்டால், வழவழப்பைப் பார்த்து வாயைப் பிளப்பதற்கு முன்னால் அதன் எண்ணைப் பாருங்கள். .32, .315, .470 என்று எதுவாக இருந்தாலும், அந்த எண்ணுக்குள் ஒரு பயம் ஒளிந்திருக்கிறது: யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று யாரோ ஒருவர் மேஜை முன்னால் உட்கார்ந்து எடுத்த முடிவு. எண்ணே இல்லாத, பேரே இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்குள்ளும் அதே முடிவுதான் இருக்கிறது.

மலைப்பக்கம் சொந்தம் பந்தம் உள்ளவர்கள் யாராவது படித்தால், உங்கள் ஊரில் பன்றிக்கும் காட்டெருமைக்கும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அதிக ஆசை.

அடுத்த பதிவில் சந்திப்போம்.